தாத்தா பிறந்த தேதி: எந்தப் பதிவேட்டை முதலில் திறப்பது?

ஊருக்குப் போக இரண்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பிறந்த தேதியைக் கண்டுபிடித்தாக வேண்டும். கையில் இருப்பது ஓர் ஊர்ப்பெயர், அவருடைய அப்பா பெயர், அவ்வளவுதான். எங்கே போவீர்கள்? பெரும்பாலானவர்கள் நேராக அரசு அலுவலகத்துக்குத்தான் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஒரு பகல் முழுக்க வீணான பிறகுதான், போன வரிசையே தலைகீழ் என்று உறைத்தது.

இந்த வேலையில் இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எந்த ஆவணத்தை அதிகம் நம்பலாம் என்பது ஒரு கேள்வி. எந்த ஆவணத்தை முதலில் தேடுவது என்பது வேறு கேள்வி. பிள்ளை பிறந்த சில நாட்களுக்குள் யாரோ ஒருவர் எழுதி வைத்த வரிதான் நம்பத் தகுந்தது. ஆனால் அந்த வரியை அடைய ஊரும் வருடமும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லுகிற காகிதங்களோ பெரும்பாலும் பின்னால் எழுதப்பட்டவை, கொஞ்சம் பொய்யும் சொல்பவை. அதனால் பொய் சொல்கிற காகிதத்தில் தொடங்கி உண்மை சொல்கிற காகிதத்துக்கு நடக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் குடும்பம் மயிலாடுதுறைப் பக்கம், காவிரியின் கடைமடை. அங்கிருந்து சுமார் ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள் தரங்கம்பாடி, காரைக்கால் இரண்டும் வந்துவிடும். தரங்கம்பாடி 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்தது. காரைக்கால் 1739-லிருந்து 1954 வரை, நடுவில் சில வருடங்கள் தவிர, பிரெஞ்சுக்காரர்களிடம். சுற்றியிருந்ததெல்லாம் பிரிட்டிஷ் சென்னை மாகாணம். ஒரே பேச்சு, ஒரே சாப்பாடு, கொள்வினை கொடுப்பினையும் உண்டு. பதிவேடு மட்டும் மூன்று விதம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஜாதகம்

ஜாதகத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பலன் பகுதியை விட்டுவிடுங்கள். கணக்குப் பகுதி நமக்குத் தேவை. எங்கள் வீட்டில் கிடைத்தது நான்காக மடித்த ஒரு தாள், மூலைகளில் மஞ்சள் தடவியது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. அதில் சாதாரண வருடம், மார்கழி மாதம், தேதி, நட்சத்திரம், ‘உதயாதி நாழிகை 52’ என்று இருந்தது. கீழே ராசிக் கட்டம், அம்சக் கட்டம், கர்ப்பச்செல் நீக்கி நின்ற தசை இருப்பு.

முதல் சிக்கல், தமிழ் வருடப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். சாதாரண என்றால் 1850-லும் வரும், 1910-லும் வரும், 1970-லும் வரும். தாத்தா விஷயத்தில் எது என்று யூகிக்கலாம். அவருடைய தாத்தாவின் ஜாதகம் கிடைத்தால் யூகம் போதாது. அப்போது பலர் குருவையும் சனியையும் பார்த்து வருடம் பிடிக்கப் பார்ப்பார்கள். அது உதவாது. குரு ராசிச் சக்கரத்தைச் சுற்ற ஏறக்குறைய 12 வருடம், சனிக்கு ஏறக்குறைய 30. 60 வருடம் கழித்து இரண்டுமே பழைய இடத்துக்கோ பக்கத்து ராசிக்கோ வந்து நிற்கும். அறுபது வருடச் சுற்றின் சூட்சுமமே அதுதான். ராகுவைப் பாருங்கள். ராகு ஒரு சுற்று முடிக்க பதினெட்டரை வருடத்துக்குச் சற்று மேல் ஆகும். 60 வருடத்தில் கணக்கு சரியாக முடியாமல் மூன்று கட்டம் அளவுக்குத் தள்ளிப் போயிருக்கும். சாதாரண வருட மார்கழியில் ராகு மேஷத்தில் இருந்தால் 1910. கடகத்தில் இருந்தால் 1850. எங்கள் தாளில் மேஷக் கட்டத்தில் ‘ரா’ என்று ஒற்றை எழுத்து இருந்தது. போதும்.

இரண்டாவது சிக்கல், சாதாரண வருடம் 1910 என்று எழுதி முடித்துவிடுவது. தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது. மார்கழியின் பின்பாதியும் தை, மாசி, பங்குனியும் அடுத்த ஆங்கில வருடத்தில் போய் விழும். 1910 பதிவேட்டைப் புரட்டிவிட்டு ‘இல்லை’ என்று திரும்பி வருகிறவர்களில் பாதிப் பேர் 1911-ஐத் திறந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவதை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. நாழிகை 52 என்றால் சூரிய உதயத்திலிருந்து 52 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம்; ஆக 20 மணி 48 நிமிடம். மார்கழியில் ஆறரை மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்டால் பிறந்தது விடியற்காலை மூன்றேகால் வாக்கில். பஞ்சாங்கத்துக்கு நாள் என்பது உதயத்திலிருந்து உதயம் வரை. சர்க்காருக்கு நள்ளிரவோடு தேதி மாறிவிடும். எனவே ஜாதகத்துத் தேதிக்கும் பதிவேட்டுத் தேதிக்கும் ஒரு நாள் வித்தியாசம் இருந்தால் யாரும் தப்பு செய்யவில்லை.

திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து ஓலைகளில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில வருடம். அதற்கு இந்த 60 வருடக் குழப்பமே கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஜாதகமே இல்லாத வீடுகள்தான் அதிகம். அங்கே ‘தாது வருஷப் பஞ்சத்தில் கைக்குழந்தை’, ‘எம்டன் குண்டு போட்டபோது வயிற்றில் இருந்தான்’ என்கிற மாதிரி பேச்சு கிடைக்கும். தாது வருடம் 1876. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22. இந்த மாதிரி ஒரு வரியை வயதானவர்களிடமிருந்து வாங்கிவிட்டால் இருபது வருடப் பதிவேட்டைப் புரட்டுகிற வேலை இரண்டு வருடமாகக் குறைந்துவிடும்.

பள்ளிச் சான்றிதழ்

சுலபமாகக் கிடைக்கும், அழகாக அச்சடித்திருக்கும், முத்திரை இருக்கும். மூன்றிலும் மயங்காதீர்கள். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு என்று இருந்த காலம் அது. தேதி கேட்டால் அப்பாவுக்குத் தெரியாது. வாத்தியார் ஒன்றைப் போட்டுக்கொள்வார். அந்தத் தலைமுறைச் சான்றிதழ்களில் ஜூன் 1, ஜூலை 1, மே மாதத் தேதிகள் ஏன் இப்படிக் குவிகின்றன என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். எங்கள் தாத்தாவுக்கு 1912 ஜூன் 1. அவர் சர்க்கார் வேலையில் இருந்தார், 55 வயதில் ஓய்வு. வாத்தியாரின் ஒரு பேனாக் கீறல் அவருக்கு ஒன்றரை வருடச் சம்பளம் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

பணிப் பதிவேடு, பென்ஷன் புத்தகம் எல்லாம் இதே தேதியைத்தான் காப்பி அடிக்கும். நான்கு ஆவணத்தில் ஒரே தேதி இருந்தால் நான்கு சாட்சி என்று எண்ண வேண்டாம். ஒரே சாட்சிதான், நான்கு முறை பேசுகிறது. ஆனால் பள்ளி அட்மிஷன் பதிவேட்டில் அப்பா பெயர், அப்போது குடியிருந்த ஊர், முன்பு படித்த பள்ளி இருக்கும். தேதியை விட்டுவிட்டு அவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள்.

அரசாங்கத்தின் பிறப்புப் பதிவேடு

இந்தியா முழுமைக்கும் 1886-ல் வந்த சட்டம் விருப்பப்பட்டவர்கள் பதிந்துகொள்ளலாம் என்ற அளவில்தான் இருந்தது. சென்னை மாகாணத்துக்கென்று தனிச் சட்டம் 1899-ல் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். 1970 ஏப்ரல் 1 முதல் அமல். ஆக 1900-க்கு முன் கிராமத்தில் பிறந்தவருக்கு இந்த வழியில் அதிகம் நம்பிக்கை வைக்க வேண்டாம். 1900-க்குப் பிறகு என்றால் முயற்சி செய்யலாம்.

கிராமத்தில் பதிவேடு எழுதியவர் கிராம முன்சீப், மணியக்காரர் என்று அழைக்கப்பட்டவர். தலையாரி வந்து சொன்னால் எழுதுவார். சொல்லாவிட்டால் எழுத மாட்டார். பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, பின்னர் வி.ஏ.ஓ. வந்தார். அந்தக் காலப் பதிவேடுகளை இன்றைய வி.ஏ.ஓ.விடம் கேட்டால் பாவம், அவரிடம் இருக்காது. தாலுகா அலுவலகத்துக்கோ சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ போயிருக்கும். எந்தத் தாலுகா என்பதும் லேசான கேள்வி அல்ல. எங்கள் ஊர் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், அப்புறம் நாகப்பட்டினம், 2020 டிசம்பரிலிருந்து மயிலாடுதுறை. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது; பதிவேட்டுக் கட்டுகள் எந்த மாடியில் இருக்கின்றன என்பதுதான் கேள்வி. ஆன்லைன் தேடலில் வரவில்லை என்றால் பதிவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், கணினியில் ஏற்றவில்லை என்பதே பெரும்பாலும் அர்த்தம்.

கட்டு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த அதிர்ச்சி, அதில் குழந்தையின் பெயர் இருக்காது. பிறந்து சில நாளில் எழுதுவது, பெயர் வைப்பதற்கு முன்னால். ‘ஆண்’ அல்லது ‘பெண்’, அப்பா பெயர், ஜாதி, இருப்பிடம், தகவல் சொன்னவர், தேதி. அவ்வளவுதான். தேதி வரிசையில் இருக்கும், பெயர் வரிசை கிடையாது. நான் உட்கார்ந்திருந்த அந்த அலுவலகத்தில் 1910, 1911 இரண்டு வருடக் கட்டுகளையும் நாள் முழுக்கப் புரட்டினேன். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரித்தால் ஓரம் பொடியாக உதிர்ந்தது. ராமசாமி மகன் என்று நான்கு பேர் கிடைத்தார்கள். எதுவும் மார்கழியில் இல்லை.

நாலரை மணிக்குக் கட்டை எடுத்துப்போக வந்த ஊழியர் நின்று கேட்டார். “சார், தலைச்சன் பிள்ளையா?”

“ஆமாம்.”

“அப்ப ஏன் சார் அப்பா ஊருல தேடுறீங்க?”

தலைப்பிரசவம் தாய்வீட்டில். இது எனக்குத் தெரியாத விஷயமா? ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுப் பெண்ணைக் கூட்டிப்போவதை எத்தனை கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் ‘சொந்த ஊர்’ என்றதும் அப்பா வழி ஊர்தான் மனதில் வருகிறது. பிறப்புப் பதிவு, பிரசவம் நடந்த ஊரில்தான் நடக்கும். குடும்ப மரத்தில் பெண்கள் வந்த ஊரை எழுதி வைக்காத வீட்டில் முதல் பிள்ளைகளின் பதிவைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுகிற கதைதான்.

இந்த வழிக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. 1969 சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பதிவைத் தேடச் சொல்லலாம், நகல் கேட்கலாம். வாரிசுச் சான்று கொண்டுவா என்று யாராவது விரட்டினால் அந்தப் பிரிவை மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள்.

தேவாலயப் பதிவேடு

குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் அரசாங்கத்தை மறந்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போங்கள். காலத்தில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை. அடுத்த வருடம் மே மாதமே முதல் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம். கத்தோலிக்கத் திருச்சபையில் பதிவேடு வைப்பது டிரெண்ட் பொதுச்சங்கம் 1563-ல் போட்ட கட்டளை. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் 1680-ல் திறந்தது. கல்கத்தாவோடு பெயர் சேர்ந்த ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்களுக்கும் 1689-ல் அங்கேதான் ஞானஸ்நானம்.

பெயர் இருக்கும் என்பது பெரிய லாபம். அப்பா, அம்மா, ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று நான்கு பெரியவர்கள் ஒரே வரியில் வருவார்கள். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் மாமனோ சித்தியோதான், ஆகவே அடுத்த தலைமுறைக்கு ஏணி அங்கேயே சாத்தியிருக்கும். கல்யாணமும் அடக்கமும் அதே அலமாரியில். கத்தோலிக்கப் பதிவு லத்தீனில் இருக்கலாம். பத்து வார்த்தை தெரிந்தால் சமாளித்துவிடலாம்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பதிவேட்டின் தேதி ஞானஸ்நானத் தேதி. கைக்குழந்தைக்குச் சில நாள், சில வாரம் வித்தியாசம் வரும். வளர்ந்த பிறகு மதம் மாறியவர் என்றால் வயது குத்துமதிப்பு, பழைய பெயரும் வேறு. குருவானவரின் நல்ல மனதையும் கரையானின் பசியையும் பொறுத்தது மீதி.

ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு ஊருக்கே போக வேண்டாம். மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல் லண்டனுக்குப் போனது. சென்னை வரிசை 1698-லிருந்து பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பைண்ட்மைபாஸ்ட் தளத்தில் காசு கட்டிப் பார்க்கலாம். பேமிலிசர்ச், பிபிஸ் தளங்களில் இலவசமாகவே நிறையக் கிடைக்கிறது.

காரைக்காலின் எத்தா சிவில்

எத்தா சிவில் என்பது பிரெஞ்சு அரசாங்கத்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு. தமிழ் பேசும் நிலத்தில் எனக்குத் தெரிந்து இதைவிட நிறைவான பிறப்புப் பதிவு கிடையாது. மணியக்காரர் ஒரு வரி எழுதிய இடத்தில் பிரெஞ்சுக் குமாஸ்தா அரைப் பக்கம் எழுதினார். பிறந்த மணி, அப்பா அம்மா இருவரின் பெயர், வயது, தொழில், குடியிருப்பு, தகவல் சொன்னவர், சாட்சிகள், எல்லோருடைய கையெழுத்து. தேதி எண்ணில் இருக்காது, எழுத்தில் இருக்கும். ஆகவே ஒன்றா ஏழா என்ற சண்டை கிடையாது. வருடக் கடைசியில் பெயர்ப் பட்டியல், பத்து வருடத்துக்கு ஒருமுறை தொகுத்த பட்டியல் என்று தேடவும் வழி செய்து வைத்தார்கள். 1776-ல் வந்த அரசாணையால் குடியேற்ற நாடுகளின் பதிவுகளுக்கு இன்னொரு நகல் பிரான்சுக்குப் போய்விடும். அந்த நகல்கள் இன்று எக்ஸ் ஆன் ப்ரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில். ஒரு பகுதியை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவும் வைத்திருக்கிறார்கள்.

தொல்லை இரண்டு. ஒன்று, பிரெஞ்சுக் காதில் விழுந்த தமிழ்ப் பெயர். சுப்பிரமணியனின் ‘சு’வுக்கு ஓ, யூ என இரண்டு எழுத்து வரும், ராமசாமிக்கு எஸ் இரட்டிக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் ஆளே கிடைக்க மாட்டார். இரண்டு, 1881-ல் வந்த ஆணைக்குப் பிறகு சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அப்படித் துறந்த குடும்பம் என்றால் அப்பாவுக்கு ஒரு பெயர், தாத்தாவுக்கு வேறு பெயர் என்று நூல் அறுந்துபோகும். துறந்த நாளின் பதிவைப் பிடித்தால்தான் முடிச்சுப் போட முடியும்.

கப்பல் பட்டியல்

கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்குப் போனவர் என்றால் மட்டும் இது. சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் சேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்களின் பட்டியலில் அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் இருக்கும். மொரீஷியஸ் போனவர்களுக்கு அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் புகைப்படமேகூட அகப்படலாம். வயது மட்டும் ஆள் சேர்ப்பவரும் டாக்டரும் கண்ணால் அளந்தது. ஊர்ப்பெயருக்காக இதைப் பாருங்கள், பிறந்த தேதிக்காக வேண்டாம்.

அந்த இரண்டு நாளை எப்படிச் செலவழிப்பது

இன்னொரு முறை போவதாக இருந்தால் முதல் நாள் காலை முழுக்க வீட்டுத் திண்ணைதான். பெட்டியைத் திறப்பேன், ஜாதகத்தைப் போட்டோ எடுப்பேன், இருக்கிற பெரியவர்களில் வயதான பெண்ணாகப் பார்த்து உட்காருவேன். ஆண்களுக்கு நிலத்தின் சர்வே எண் ஞாபகம் இருக்கிறது. யார் எந்த வீட்டில் பிறந்தார்கள் என்பது பெண்களுக்குத்தான் தெரிகிறது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் போதும். பிரசவம் நடந்த ஊர் உறுதியான பிறகுதான் அலுவலகம். அந்த ஊர் பிரிட்டிஷ் பக்கம் என்றால் சார்பதிவாளரிடம் மூன்று மாதக் கட்டை மட்டும் கேட்பேன். இரண்டு வருடம் கேட்க மாட்டேன்.

நான் செய்தது அந்த வரிசையில் இல்லை. ஊழியர் கேட்ட கேள்வியோடு சாயங்காலம் வீட்டுக்கு வந்து 88 வயது அத்தையிடம் கேட்டேன். “உங்க தாத்தா இங்க பொறக்கலப்பா. அவங்க அம்மா நெடுங்காட்டுப் பொண்ணு. அந்தக் காலத்துல அது பிரெஞ்சுக்காரன் ஊரு” என்றார், ஏதோ ஊருக்கே தெரிந்த விஷயம் மாதிரி. அது வரைக்கும் யாரும் அவரைக் கேட்டதில்லை.

நெடுங்காடு, காரைக்காலின் கொம்யூன்களில், அதாவது பிரெஞ்சு உள்ளாட்சிப் பிரிவுகளில், ஒன்று. அதற்கப்புறம் பெரிய அலைச்சல் இல்லை. வருடம் தெரியும், மாதம் தெரியும், ஊர் தெரியும். 1911-ன் முதல் சில பக்கங்களிலேயே இருந்தது. ஜாதகத்துத் தேதிக்கு அடுத்த நாள், விடியற்காலை மூன்று மணி என்று எழுத்தில். அப்பா ஊரில் இல்லை போலிருக்கிறது. தகவல் சொன்னவர் என்ற இடத்தில் அம்மாவின் அப்பா பெயர், வயது 50, விவசாயம். சுற்றிலும் சாய்ந்த பிரெஞ்சு எழுத்து. அடியில் அவர் மட்டும் புள்ளி வைக்காத தமிழில், ஓலையில் கீறிப் பழகிய கை என்று தெரிகிற மாதிரி, அழுத்தி அழுத்திக் கையெழுத்துப் போட்டிருந்தார். கடைசி எழுத்தில் மை கொட்டியிருந்தது.